கேள்வியும் பதிலும்: ஸ்டிக்ஸ் அருவிக்குக் கீழே ஒரு காதல்

சென்ற இதழில், 1955ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோல்ஃபோ’ என்ற கிரேக்கப் படத்தைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்ததற்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். நான்கு வரியில் முடிக்கிற விஷயமா அது என்று உரிமையோடு கடிந்து வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த இதழின் கேள்விகள் அனைத்தும் கிரேக்கக் கிராமங்களில் நிகழும் பழைய காதல் படங்களைப் பற்றியவை. வேறு விஷயங்களைக் கேட்டு எழுதியிருப்போர் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

‘கோல்ஃபோ’வைக் காதல் கதை என்று சொல்லாமல் துரோகக் கதை என்று எழுதியிருந்தீர்கள். கதையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, காரைக்குடி

கதை நடக்கும் இடத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. கிரேக்க நாட்டின் தென்பகுதியான பெலொப்பொனீஸின் வடக்கே ஹெல்மோஸ் என்றொரு மலை இருக்கிறது. அதன் உயரம் 2,355 மீட்டர். அந்த மலையின் செங்குத்தான பாறை முகத்திலிருந்து இழையாக விழுகிற அருவியைத்தான் பழங்கிரேக்கர்கள் ஸ்டிக்ஸ் என்றார்கள். ஊரார் அதை ‘மாவ்ரோநேரி’, அதாவது கருந்தண்ணீர் என்கிறார்கள். தேவர்களே சத்தியம் செய்ய வேண்டுமென்றால் இந்தத் தண்ணீரின் மீதுதான் செய்ய வேண்டும் என்றும், அப்படிச் செய்த சத்தியத்தை மீறிய தேவன் ஓராண்டு மூச்சுப் பேச்சின்றிக் கிடந்து, அதன்பின் ஒன்பது ஆண்டுகள் தேவர் அவையிலிருந்து தள்ளிவைக்கப்படுவான் என்றும் ஹெஸியோட் என்ற ஆதிகவி பாடியிருக்கிறார்.

அந்த அருவி இறங்கும் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஸ்பிரிடோன் பெரெசியாதிஸ் என்பவர் 1893இல் எழுதிய செய்யுள் நாடகம்தான் ‘கோல்ஃபோ’. கோல்ஃபோ என்ற ஏழை இடைப்பெண்ணும் தாசோஸ் என்ற ஏழை இடையனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அவளை மணக்க விரும்பி வந்த கிட்சோஸ் வசதியான வீட்டுப் பிள்ளை. ஊரின் பெரிய மந்தைக்காரரான ஸீஸிஸின் உறவினன். தாசோஸுக்காகவே அவனை அவள் மறுக்கிறாள். ஆனால் அந்தப் பெரிய மந்தைக்காரரின் மகள் ஸ்தாவ்ரூலாவுக்குத் தாசோஸின் மீது விருப்பம். ஆடும் நிலமும் பணமுமாக வரப்போகும் சீதனத்தை எடுத்துச் சொல்லி நாலு பேர் அவன் காதில் ஓதுகிறார்கள். அவனும் இணங்கிவிடுகிறான். செய்தி கோல்ஃபோவுக்கு எட்டுகிறது. அவள் அவனை நேருக்கு நேர் நின்று சபிக்கிறாள். பிறகு சித்தம் கலங்கி நஞ்சு உண்கிறாள். மனம் திருந்திய தாசோஸ் ஓடி வரும்போது காலம் கடந்துவிட்டது. அவள் உயிர் போவதைக் கண்டு அவனும் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

கவனித்துப் பாருங்கள்: இந்தக் கதையில் வில்லன் என்று தனியாக ஒருவன் இல்லை. கிட்சோஸ் செய்ததெல்லாம் பெண் கேட்டது மட்டும்தான். ஸ்தாவ்ரூலா விரும்பினாள், அதுவும் குற்றமில்லை, போதாததற்குக் கடைசியில் அவளும் கைவிடப்படுகிறாள். பணக்காரி என்பதற்காக அவளைக் கரித்துக்கொட்டுகிற விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோல்ஃபோ வசதியை மறுத்து வார்த்தையைக் காப்பாற்றினாள். அதே சோதனை தனக்கு வந்தபோது தாசோஸ் வார்த்தையை மறந்து வசதியைப் பிடித்துக்கொண்டான். ஒரே தராசில் இரண்டு பேரையும் நிறுத்துக் காட்டுகிற அமைப்பு இது. தேவர்களும் மீற அஞ்சுகிற தண்ணீரின் நிழலில் ஓர் ஏழை இடையன் சொல் தவறுவதாகக் கதை கட்டியவர், அந்த இடத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எழுதப்பட்ட ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1893இன் இறுதியில்தான் கிரேக்க அரசு தன் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அந்த வட்டாரக் கடற்கரை விவசாயிகளின் பிழைப்பாக இருந்த உலர்திராட்சையின் விலையும் அதே ஆண்டில் சரிந்தது. பணம் என்ற சொல்லுக்கு அந்த ஊர்களில் எவ்வளவு கனம் இருந்த காலத்தில் தாசோஸ் தடுமாறினான் என்பது இதனால் விளங்கும்.

இந்த நாடகம் எத்தனை முறை படமானது?
– கல்லூரி மாணவர், திருச்சி

இரண்டைச் சொன்னால் போதும். 1915இல் கோஸ்தாஸ் பஹதோரிஸ் எடுத்ததுதான் கிரேக்க நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படுகிறது. அதன் பிரதி எதுவும் மிஞ்சவில்லை. 1955இல் ஓரெஸ்திஸ் லாஸ்கோஸ் இயக்கியதுதான் நான் சென்ற இதழில் குறிப்பிட்டது. அதில் கோல்ஃபோவாக நடித்தவர் நாடக மேடையில் பெயர் பெற்ற அந்திகோனி வலாகு. ஒரு நாட்டின் சினிமாவே காதலனின் துரோகத்தில்தான் கண் திறந்தது என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

படங்களில் ஆண்கள் மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பாவாடை போன்ற ஒன்றை அணிந்திருக்கிறார்களே, அது என்ன?
– மாணவி, விருதுநகர்

ஃபுஸ்தனேலா. ஏராளமான மடிப்புகள் வைத்துத் தைத்த ஆண்களின் உடை. துருக்கியர் ஆட்சி நடந்த 400 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒன்றாக 400 மடிப்பு என்று சொல்வார்கள். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வகைப் படங்களுக்கே ‘ஃபுஸ்தனேலாப் படங்கள்’ என்றுதான் அங்கே பெயர். மேடையில் இவற்றுக்கு முன்னோடியாக இருந்த நாடகங்களின் வகைப்பெயரை ‘துயர முல்லைப்பாட்டு’ என்று மொழிபெயர்க்கலாம். காடும் மந்தையும் காத்திருத்தலும் சேர்ந்த இந்த உலகத்துக்கு நம்மிடம் வேறு நல்ல சொல் இல்லை.

சீதனம் இக்கதைகளில் இவ்வளவு பெரிய இடம் பெறக் காரணம் என்ன? ஐரோப்பாவிலுமா வரதட்சணை?
– வங்கி ஊழியர், மதுரை

ஐரோப்பாவிலும்தான். கிரேக்கர்கள் அதை ‘ப்ரீகா’ என்பார்கள். வயல், ஆலிவ் மரங்கள், ஆடுகள், ரொக்கம் ஆகியவற்றோடு மணப்பெண்ணும் அவள் தாயும் ஆண்டுக்கணக்கில் தறியில் நெய்து மரப்பெட்டியில் அடுக்கி வைத்த விரிப்புகளும் போர்வைகளும் சேர்ந்ததுதான் ப்ரீகா. திருமணத்துக்கு முன் இவற்றையெல்லாம் வரிசையாக எழுதி ஒப்பந்தம் போடுகிற வழக்கமும் இருந்தது. இத்தனை விரிப்பு, இத்தனை தலையணை உறை, இத்தனை செம்புப் பாத்திரம், இன்ன இடத்தில் இத்தனை ஆலிவ் மரம் என்று ஒன்றுவிடாமல் அந்தத் தாளில் இருக்கும். அக்கா தங்கைகளைக் கரையேற்றிய பிறகே அண்ணன் தம்பிகள் தங்கள் திருமணத்தைப் பற்றி வாய் திறக்கலாம் என்பதும் பல ஊர்களில் எழுதப்படாத சட்டம்.

இடையர் சமூகத்தில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. கோடையில் மலைமேலும் பனிக்காலத்தில் சமவெளியிலுமாக மந்தைகளை ஓட்டிப் பிழைத்தவர்கள் அவர்கள். ஏப்ரல் 23ஆம் நாளான புனித ஜார்ஜ் திருநாளை ஒட்டி மலை ஏறி, அக்டோபர் 26ஆம் நாளான புனித திமித்ரியோஸ் திருநாளை ஒட்டிக் கீழே இறங்குவார்கள். பல குடும்பங்களின் ஆடுகளுக்கும் பொதுவான தலைவனாக இருந்து, மேய்ச்சல் நிலத்துக்குக் குத்தகை பேசி, பாலுக்கு விலை பேசுகிறவர் ‘ட்செலிங்கஸ்’. இராமநாதபுரத்துக் கிடைக்காரர்களிடம் கேட்டால் ‘கீதாரி’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்தக் கீதாரியின் மகளைக் கட்டுகிறவன் ஒரு பெண்ணை மட்டும் கட்டுவதில்லை; மலையையும் சமவெளியையும் சேர்த்துக் கட்டுகிறான். தாசோஸ் தவறியது மனத்தால் அன்று, கணக்கால் என்பேன் நான். அவன் கோல்ஃபோவை வெறுக்கவே இல்லை என்பதுதான் நாடகத்தின் கொடுமை.

1983ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத் திருத்தத்தின் மூலம் கிரேக்கம் சீதனத்தைச் சட்டத்திலிருந்து நீக்கியது. அதாவது, இந்தப் படங்களை முதலில் பார்த்து அழுத பெண்களில் பெரும்பாலோர் சீதனத்தோடுதான் கணவன் வீட்டுக்குப் போனார்கள்.

1950களில் மட்டும் இவ்வகைப் படங்கள் வரிசையாக வந்தது ஏன்? நகரத்தில் எடுத்த நல்ல படங்கள் இருக்கும்போது மக்கள் ஏன் ஆட்டுக்காரர் கதையை விரும்பினார்கள்?
– பதிப்பகப் பணியாளர், சென்னை

நல்ல கேள்வி. கேள்வியிலேயே பாதிப் பதிலும் இருக்கிறது. 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போர் மலைக் கிராமங்களில்தான் மிகக் கடுமையாக நடந்தது. ஊர்கள் காலியாகின, பிழைப்புத் தேடி மக்கள் ஏதென்ஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பகலெல்லாம் கட்டட வேலையோ வீட்டு வேலையோ பார்த்துவிட்டு, கோடைக்கால இரவில் திறந்தவெளித் திரையரங்கின் நாற்காலியில் வந்து அமர்ந்தவர்களுக்குத் திரையில் என்ன வேண்டியிருந்தது? விட்டு வந்த மலை வேண்டியிருந்தது. கிளாரினெட் இசை வேண்டியிருந்தது. அந்த மலைநாட்டுக்கு நம்மூர் நாயனம் போல அது. பாட்டிக்கு மனப்பாடமான கதை வேண்டியிருந்தது.

ஆனால் ஏக்கம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஏழைக் காதலியை விட்டுவிட்டு வசதியை நோக்கிப் போனவனின் கதையை, ஏழை ஊரை விட்டுவிட்டு வசதியை நோக்கி வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் கோல்ஃபோ சபிக்கும்போது அந்தச் சாபம் தாசோஸின் மீது மட்டும் விழவில்லை. இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் காட்டுவதற்குத் தாள் எதுவும் இல்லை. ஒரே கதையை அத்தனை முறை பார்த்தும் சலிக்காத கூட்டத்துக்கு வேறு விளக்கமும் எனக்குத் தோன்றவில்லை.

தயாரிப்பாளர்களின் கணக்கும் எளிமையானதுதான். பல ஆண்டுகளாக மேடையில் ஓடி, வசனம் வரைக்கும் ஊருக்குத் தெரிந்த நாடகங்கள் கையில் இருந்தன. ‘இடைச்சியின் காதலன்’ என்ற திமித்ரிஸ் கொரோமிலாஸின் 1891ஆம் ஆண்டு நாடகம் 1932இலேயே படமானது. 1950களின் நடுவில் அது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முறை படமானது. முன்பு ஒருத்தியைக் காதலித்த மனிதர், வயதான பிறகு, பணக்காரராக அவளுடைய மகளையே பெண் கேட்டு வருகிற கதை அது. அடிப்படையில் அதுவும் பழைய காதலுக்குச் செய்கிற துரோகம்தான். ஆனால் அதை ஒப்புக்கொள்ளுகிற துணிவு படத்துக்கு வரவில்லை. முடிவில் எல்லோரும் சமாதானமாகிவிடுகிறார்கள்.

என் பேரன் இப்படங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். மிகை நடிப்பு என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

அவன் சொல்வதில் பாதி உண்மை என்று சொல்லுங்கள். மலையில் ஆடு மேய்க்கிறவனின் வெள்ளை உடையில் ஒரு கறைகூட இருக்காது. பெண்களின் முந்தானைத் துணிகளில் இஸ்திரி மடிப்பு கலையாது. கிடை நாற்றமும் சேறும் அந்த மலையில் இல்லவே இல்லை. ‘கோல்ஃபோ’ எழுதப்பட்டிருப்பது கிரேக்க நாட்டுப்பாடல்களுக்குரிய 15 அசை வரிகளில். எட்டு அசையில் ஒரு நிறுத்தம், பிறகு ஏழு அசை. பேசுகிறவர் மூச்சு வாங்குகிற இடம்கூட முன்கூட்டியே எழுதப்பட்ட உரைநடையற்ற உரையாடல் அது. அதை வீட்டுக்கூடத்தில் பேசுவது போல யாராலும் பேச முடியாது. கூத்தில் கர்ணன் பேசுவதைக் கேட்டு, ஏன் இவன் இயல்பாகப் பேசவில்லை என்று கேட்பது எப்படியோ, அப்படித்தான் உங்கள் பேரனின் கேள்வியும்.

சாபக் காட்சியை மட்டும் ஒலியை அடைத்துவிடாமல் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மண்ணை வாரித் தூற்றுவதைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அது மிகையாகத் தெரியாது.

‘ஆஸ்தேரோ’ என்ற படத்தில் துரோகம் செய்பவர் காதலனே இல்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– தையற்கலைஞர், திண்டுக்கல்

உண்மைதான். ஆஸ்தேரோ அநாதைப் பெண். மலைநாட்டுப் பெரிய மந்தைக்காரர் ஒருவர் அவளை எடுத்து வளர்க்கிறார். வளர்த்தவரின் மகனும் அவளும் காதலிக்கிறார்கள். அநாதையை மருமகளாக ஏற்க மனமில்லாத அவர் அவளை வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறார். அவர் ஆண்டு அனுபவிக்கும் சொத்தே உண்மையில் அவளுக்கு உரியது என்பது பின்னர் வெளிப்படுகிறது. சோறு போட்ட கையே கழுத்தை அறுத்தது என்பார்களே, அது. ஆனால் அவர் கொடியவராகத் திரியவில்லை. தன் குற்றம் உள்ளே அரிக்க அரிக்கக் குனிந்துபோகிற மனிதராக இருக்கிறார். அந்தப் பாத்திரத்தை 1959ஆம் ஆண்டுப் படத்தில் தித்தோஸ் வாந்திஸ் ஏற்றிருந்தார். கதாநாயகியாக அலீகி வுயுக்லாகியும் மகனாகத் திமித்ரிஸ் பாபாமிஹாயிலும் நடித்தார்கள். இயக்கம் தினோஸ் திமோபுலோஸ். அந்த ஆண்டு பெர்லின் விழாவிலும் படம் போட்டியிட்டது. நாயகனும் நாயகியும் 1965இல் நிஜமாகவே மணந்துகொண்டார்கள்.

இதே கதை முதலில் 1929இல் பாவ்லோஸ் நிர்வானாஸின் எழுத்தில் ஊமைப்படமாக வந்தது. தொலைந்துவிட்டதாகவே நினைத்திருந்த அந்தப் படத்தின் பிரதியொன்று பிற்காலத்தில் பாரிஸ் திரைப்படக் காப்பகத்தில், வசன அட்டைகள் பிரெஞ்சு மொழியில் இருக்க, கண்டெடுக்கப்பட்டது. வளர்த்தவர் ஒளித்துவைத்த சொத்து வேறொரு வீட்டிலிருந்து கிடைத்த கதைதான்.

மலைக் கிராமங்கள் போதும். தீவுகளில் நடக்கும் இத்தகைய கதை ஒன்றைச் சொல்லுங்களேன்.
– மீன்வளத் துறை ஊழியர், நாகப்பட்டினம்

மிக்காலிஸ் கக்கோயானிஸ் 1956இல் எடுத்த ‘கறுப்பு உடைப் பெண்’ணைப் பாருங்கள். ஹைட்ரா என்ற தீவில் நடக்கிறது. ஏதென்ஸிலிருந்து விடுமுறைக்கு வருகிற எழுத்தாளன் ஒருவன், நொடித்துப்போன ஒரு பழைய வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறான். வீட்டுக்காரி விதவை. அவளுக்கு வேறொருவனோடு தொடர்பு உண்டு என்று தீவே பேசுகிறது. அந்தப் பேச்சின் பாரம் முழுவதையும் சுமந்து தலை குனிந்து நடக்கிறாள் மகள் மரீனா. சங்கப் பாட்டில் ‘அலர்’ என்கிறோமே, ஊர் வாயில் மலர்கிற பழி, அதை இவ்வளவு துல்லியமாகப் படம்பிடித்த வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. துறைமுகக் கரையில் சும்மா உட்கார்ந்திருக்கிற வாலிபர்களின் முன்னால் அந்தப் பெண் நடந்து போக வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லும் பேசாமல், அவர்கள் பார்வை திரும்புகிற விதத்திலேயே இயக்குநர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

எழுத்தாளனுக்கும் மரீனாவுக்கும் பிரியம் வளர்வது பொறுக்காமல், அவளால் மறுக்கப்பட்ட ஒருவனும் அவன் கூட்டாளிகளும் ‘விளையாட்டாக’ ஒரு காரியம் செய்கிறார்கள். படகின் அடியிலுள்ள அடைப்பைப் பிடுங்கிவிடுகிறார்கள். எழுத்தாளன் நனைந்து அவமானப்பட வேண்டும் என்பதுதான் திட்டம். அன்று அவன் தீவின் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. படகோடு புழங்குகிற ஊர்க்காரர் நீங்கள். குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகும் செய்தவர்களைக் காட்டிக்கொடுக்காமல் ஊர் மௌனம் காக்கிற பகுதிதான் என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம். மரீனாவாக எல்லி லம்பேதி. எழுத்தாளனாகத் திமித்ரிஸ் ஹோர்ன்.

‘ஸோர்பா’ படத்தில் வரும் விதவையின் கொலையைக் கல்லூரி நாளில் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை. அதில் துரோகி யார்?
– மருத்துவர், சேலம்

கழுத்தை அறுத்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நிகோஸ் கசான்ட்சாகிஸின் நாவலை 1964இல் கக்கோயானிஸ் படமாக்கினார். கிரீட் தீவுக் கிராமத்தில் ஓர் இளம் விதவை. நடித்தவர் இரேனே பாபாஸ். ஊர் ஆண்கள் அத்தனை பேருக்கும் அவள் மீது கண். அவள் எவரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு இரவு அந்நியனான ஆங்கிலேய எழுத்தாளனை மட்டும் வீட்டுக்குள் அனுமதிக்கிறாள். அவள் மீது பித்தாக இருந்த உள்ளூர்ப் பையன் கடலில் விழுந்து சாகிறான். அவனுடைய சாவுக்காகத் தேவாலயத்துக்கு வந்த அவளை ஊர் வளைத்துக்கொண்டு கல்லெறிகிறது. எழுத்தாளனின் தோழனான ஸோர்பா ஓடி வந்து தன் உயிரைப் பணயம் வைத்து ஒருவனை மடக்கிக் கத்தியைப் பிடுங்குகிறான். தப்பித்துவிட்டாள் என்று நாம் மூச்சு விடும்போது, செத்த பையனின் தகப்பன் அவளைப் பிடித்துக் கழுத்தை அறுத்துவிடுகிறார்.

இவ்வளவும் நடக்கும்போது அவளோடு அந்த இரவைக் கழித்தவன் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறான். ஸோர்பாவை அழைத்துவர ஆளனுப்பியதைத் தவிர அவன் செய்தது ஒன்றுமில்லை. தகப்பனுக்குப் பழிவாங்கும் வெறி இருந்தது. ஊருக்குக் குரோதம் இருந்தது. இவனிடம் அவளுடைய நம்பிக்கை இருந்தது. நம்பிக்கை வைத்திருந்த இடத்தில்தானே துரோகம் என்ற சொல்லுக்கே வேலை வருகிறது.

ஓர் உபரிச் செய்தி. ‘கறுப்பு உடைப் பெண்’, ‘ஸோர்பா’ இரண்டுக்கும் ஒளிப்பதிவு வால்டர் லாஸலி. பெர்லினில் பிறந்து இங்கிலாந்துக்கு அகதியாகப் போனவர். ‘ஸோர்பா’வுக்காக ஆஸ்கர் பெற்ற அவர், முதுமையில் அந்தப் படம் எடுத்த ஸ்தாவ்ரோஸ் கடற்கரைக்கே வந்து குடியேறினார். அங்கிருந்த உணவு விடுதி ஒன்றில் பார்வைக்கு வைத்திருந்த அவருடைய ஆஸ்கர் சிலை, 2012ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விடுதியில் பற்றிய தீயில் அழிந்துபோனது.

பெண்கள் செய்யும் துரோகத்தைப் பற்றிய படமே கிடையாதா? எப்போதும் ஆண்கள்தான் குற்றவாளிகளா?
– வழக்கறிஞர், ஈரோடு

உங்கள் தொழிலுக்கே பொருத்தமான படம் ஒன்று இருக்கிறது. தெயோ அங்கெலோபுலோஸின் முதல் முழுநீளப் படமான ‘மறுநிகழ்த்தல்’, 1970. உண்மையில் நடந்த ஒரு கொலையை அடிப்படையாகக் கொண்டது. எபிரஸ் மலைநாட்டின் ஒரு கற்கிராமம். மேற்கு ஜெர்மனியோடு 1960இல் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பின் ஊர் ஊராக ஆண்கள் அங்கே வேலைக்குப் போன காலம். அப்படிப் போன ஒருவன் திரும்பி வருகிறான். இடைப்பட்ட ஆண்டுகளில் மனைவி எலேனிக்கு வேறொருவனோடு உறவு ஏற்பட்டிருக்கிறது. இருவரும் சேர்ந்து திரும்பி வந்தவனைக் கொன்று புதைத்துவிடுகிறார்கள். பிடிபட்ட பின், குற்றம் நடந்த விதத்தை விசாரணை அதிகாரிகளின் முன்னால் நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். அதைத்தான் தலைப்பு குறிக்கிறது. கயிற்றை இழுத்தது நீதான் என்று ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். கொலைக்கு முன் காதலாக இருந்தது, விசாரணையில் இரண்டாவது துரோகமாகிவிடுகிறது.

போரிலிருந்து திரும்பிய பழங்கிரேக்க மன்னன் அகமெம்னோனை மனைவியும் அவள் காதலனும் கொன்ற பழங்கதையின் நிழல் இது என்பது பார்க்கிறவர்களுக்கு உடனே தெரியும். ஆனால் இயக்குநரின் அக்கறை வேறு. கொலை நடக்கும்போது காமிரா வீட்டுக்கு உள்ளே போவதே இல்லை. முற்றத்தில் நின்று மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உள்ளே என்ன நடந்தது, யார் கை முந்தியது என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. சாட்சியம் இருக்கிறது, காட்சி இல்லை. அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு குரல் ஊரின் மக்கள்தொகையைச் சொல்கிறது: 1939இல் 1,250 பேர், 1965இல் 85 பேர். எலேனி ஒருவனை ஏமாற்றினாள். இந்த ஊரை ஏமாற்றியது யார் என்று கேட்டால், குற்றப்பத்திரிகையில் எழுத ஒரு பெயரும் கிடைக்காது. கடைசியில் எலேனியைக் கொண்டுபோகும்போது கறுப்பு உடையணிந்த ஊர்க் கிழவிகள் அவள் மீது பாய்கிறார்கள். அவர்களுடைய ஆண்களும் ஊரில் இல்லை.

‘கோல்ஃபோ’ நாடகத்தை வைத்தே அங்கெலோபுலோஸ் ஒரு படம் எடுத்ததாகச் சென்ற இதழில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் படத்தில் நாடகம் முழுவதும் வருகிறதா?
– நாடகக் கலைஞர், புதுச்சேரி

ஒரு முறைகூட முழுதாக வருவதில்லை. படமே அதைப் பற்றியதுதான். 1975ஆம் ஆண்டின் ‘நாடகக் குழு’ ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடுகிறது. 1939 முதல் 1952 வரை ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ‘கோல்ஃபோ’ போடுகிற ஒரு குழுவின் கதை. திரை விலகும், வரைந்த மலை தெரியும், கோல்ஃபோ முதல் வரிகளைச் சொல்வாள். உடனே ஏதாவது ஒன்று குறுக்கிடும். ஒருமுறை விமானத் தாக்குதல், இன்னொருமுறை கைது, மற்றொருமுறை துப்பாக்கிச் சத்தம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகக் கடற்கரை மணலில் ஆடிக் காட்ட வேண்டிய நாளும் வருகிறது. தாசோஸ் துரோகம் செய்கிற கட்டத்துக்கு நாடகம் போய்ச் சேர்வதற்குள் வெளியே வேறு யாராவது யாரையாவது காட்டிக்கொடுத்து விடுகிறார்கள்.

குழுவின் தலைவரையே அப்போது நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியரிடம் காட்டிக்கொடுக்கிறான் அவருடைய மனைவியின் காதலன். அவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொரில்லாப் படையில் சேர்ந்திருந்த மகன் ஓரெஸ்திஸ் ஓர் இரவு நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது மேடையின் மீதே ஏறி வருகிறான். கோல்ஃபோவின் மலையை வரைந்த திரைச்சீலையின் முன்னால், நாடக உடையில் நிற்கிற தாயையும் அவள் காதலனையும் சுடுகிறான். இருவரும் விழுகிறார்கள். திரை இறங்குகிறது. நாடகத்தின் ஒரு பகுதி என்று நினைத்து அரங்கம் கைதட்டுகிறது. நாடகக்காரரான உங்களுக்கு அந்தக் கைதட்டல் எப்படிக் கேட்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

படம் தொடங்குவதும் முடிவதும் ஒரே ஊரில், ஏகியோ நகரத்தில். தொடக்கத்தில் 1952, கடைசிக் காட்சியில் அதே இடத்தில் அதே குழு, ஆனால் ஆண்டு 1939. செத்தவர்கள், சிறை போனவர்கள், காட்டிக்கொடுத்தவன் எல்லோரும் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்து நிற்கிறார்கள். ஏகியோ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். ஹெல்மோஸ் மலையும் ஸ்டிக்ஸ் அருவியும் இருக்கிற அதே அகாயா மாவட்டத்தில், கடற்கரையில் இருக்கிறது. அன்று இரவு அவர்கள் ‘கோல்ஃபோ’ போட வேண்டும்.